நாற்பத்தெட்டு வரி: ஒரு கிணற்றடிச் சுவரின் சிறு வடிவம்

செட்டிநாட்டில் ஒரு வீடு பிரிபட்டால் தேக்குத் தூணுக்கு விலை உண்டு, நிலைக்கதவுக்கு உண்டு, எனாமல் சட்டிக்கும் பீங்கான் ஜாடிக்கும்கூட உண்டு. எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு வந்து சேரும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைக்கூடச் சிலர் அலுங்காமல் பெயர்க்கப் பார்ப்பார்கள். செங்கல் மட்டும் டிராக்டரில் ஏறி எங்காவது பள்ளம் நிரப்பப் போய்விடும்.

அதனால்தான் பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி கூப்பிட்டுச் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "வீட்டைப் பிரிக்கப் போறோம் தம்பி. முகப்பு, வளவு எல்லாம் பிள்ளைங்க போட்டோ எடுத்துட்டாங்க. எனக்குக் கிணத்தடிச் சுவரை மட்டும் சின்னதாச் செஞ்சு தாங்க. பூச்சு உதிர்ந்து கல்லு தெரியுமே, அப்படியே வேணும்."

பதினைந்து வருடமாகக் கட்டட மாதிரிகள் செய்கிறேன். முகப்பும், உள்முற்றத்தைச் சுற்றிய வளவும் பலமுறை செய்திருக்கிறேன். அங்கெல்லாம் சுவர் என்றால் பூச்சுதான். சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கண்ணாடி போலத் தேய்த்த அந்தப் பூச்சுக்குள் செங்கல் ஒளிந்திருக்கும். செங்கல்லே முகமாக இருக்கும் சுவரைக் கேட்டு யாரும் வந்ததில்லை. செய்து பார்த்தபோதுதான் எனக்கு என்ன தெரியாது என்று தெரிந்தது. முதல் சுவர் தோற்றது, இரண்டாவது நின்றது. இரண்டையும் முழுதாக எழுதி வைக்கிறேன்.

அளவெடுத்தது

வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டுக்குப் பின்னால் 12 அடி நீளம், 9 அடி உயரச் சுவர். வலது ஓரத்தில் திரும்பி 4 அடி ஓடுகிறது. நடுவில் கிணற்றடிக்கு இறங்கும் ஒரு கதவு. அதற்கு இடப்பக்கம் அடுப்படிப் புகை போக ஒரு சிறு சாளரம், மேலே வில் வளைவு. கதவுக்கு வலப்பக்கம் கையெட்டும் உயரத்தில் ஒரு மாடக்குழி. பூச்சு பாதிக்கு மேல் போய்விட்டது.

உதிர்ந்து கிடந்த கற்களில் இருபதை எடுத்து அளந்தேன். ஒன்றுபோல் ஒன்று இல்லை. சராசரியாக எட்டரை அங்குல நீளம், 4 அங்குல அகலம், ஒன்றே முக்கால் அங்குலத் தடிமன். காரை மூட்டு அரை அங்குலம். ஆக ஒரு வரிக்கு இரண்டேகால் அங்குலம். 9 அடிக்குச் சரியாக 48 வரி.

அடிக்கு ஓர் அங்குலம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு என்று முடிவு செய்தேன். அதற்கும் சிறிதாக்கினால் கல்லை விரலால் எடுக்கவே முடியாது. இந்த அளவில் ஒரு கல் 18 மில்லிமீட்டர் நீளம், 8.5 அகலம், 3.7 தடிமன். மூட்டு 1 மில்லிமீட்டர்.

முதல் சுவர்

இந்த அளவையெல்லாம் குறித்துவைத்துவிட்டு முதல் சுவரில் அதைப் பயன்படுத்தவில்லை. வெட்கமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் இந்த வேலையில் இறங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான். அழுத்தமான நுரை அட்டையை வாங்கி, இணையத்தில் கிடைத்த செங்கல் அச்சை மேலே வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் கோடு கிழித்தேன். அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி அழுத்தினேன், கல்லின் சொரசொரப்பு வந்தது. சிவப்பு அடித்து, கோடுகளில் வெள்ளை தேய்த்து, ஒன்பது நாளில் முடித்துவிட்டேன். படத்தில் நன்றாகவே இருந்தது.

எங்கள் தெருவில் ஒரு கொத்தனார் இருக்கிறார். எழுபது தாண்டியவர், சுண்ணாம்புக் காலத்து ஆள். அவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். அப்புறம் ஒரு விரலை மூலையில் வைத்து, மேலிருந்து கீழே இழுத்தார்.

"இது கட்டுன சுவரு இல்ல தம்பி, கோடு கிழிச்ச சுவரு. நெசமா கட்டியிருந்தா இந்த மூலை பொளந்து விழுந்திருக்கும்."

அவர் சொன்னது என்னவென்று புரிய எனக்கு ஒரு நாள் பிடித்தது. அவர் வீட்டுத் திண்ணையில் முழுக் கல்லையே அடுக்கிக் காட்டினார். அதை இங்கே கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

இந்தச் சுவரில் ஒரு வரி நீளவாக்கில், அடுத்த வரி குறுக்குவாக்கில் என்று மாறி மாறி வருகிறது. குறுக்கு வரியில் கல்லின் தலைமுகம் மட்டும் வெளியே தெரியும். இரண்டு தலைமுகமும் நடுவில் ஒரு காரையும் சேர்ந்தால் ஒரு நீளம்: 4, அரை, 4, ஆக எட்டரை. அந்தக் காலத்துக் கல்லறுத்தவர்கள் இந்தக் கணக்கில்தான் அச்சு செய்திருக்கிறார்கள். இன்றைய இந்தியத் தரநிலைக் கல்லும் இதே கணக்குதான்: 90, 10, 90, ஆக 190 மில்லிமீட்டர். சிக்கல் மூலையில் வருகிறது. மூலையிலிருந்து இரண்டு குறுக்குக் கல்லை வைத்தால் அவற்றின் விளிம்பு, கீழ்வரி நீளக்கல்லின் விளிம்புக்கு நேர் மேலே வந்து உட்காரும். அப்புறம் ஒரு கல் நீளத்துக்கு ஒருமுறை மூட்டுக்கு மேல் மூட்டு, அடியிலிருந்து உச்சி வரை ஒரே கோடு. சுவர் அந்தக் கோட்டில் பிளக்கும். அதைத் தடுக்கத்தான் குறுக்கு வரியில் மூலைக்கல்லுக்கு அடுத்து, நீளவாட்டில் பாதியாக வெட்டிய ஒரு துண்டுக்கல்லை வைப்பார்கள். அந்த ஒரு துண்டு வரி முழுவதையும் கால் கல் தள்ளிவிடும். மூட்டுகள் விலகிக்கொள்ளும்.

என் சுவரில் அந்தத் துண்டே இல்லை. இதைவிடப் பெரிய தவறு இன்னொன்று: மூலை திரும்பும்போது முன்பக்கம் குறுக்கு வரியாக இருப்பது பக்கச் சுவரில் நீள வரியாக மாறவேண்டும். இரண்டு முகத்திலும் தெரிவது ஒரே மூலைக்கல்தானே! ஒரு பக்கம் அதன் தலை, மறுபக்கம் அதன் உடம்பு. நானோ இரண்டு பக்கத்துக்கும் ஒரே அச்சை வைத்துக் கோடு போட்டிருந்தேன்.

அச்சும் நம்முடையதல்ல. பிறகு அளந்து பார்த்தேன், பிரிட்டன் செங்கல்லின் கணக்கு: 215, 102.5, 65 மில்லிமீட்டர். நீளமும் அகலமும் ஏறக்குறைய ஆச்சி வீட்டுக் கல்லேதான். தடிமன் மட்டும் ஒன்றரை மடங்கு. அதனால் 48 வரி வரவேண்டிய சுவரில் 36 வரிதான் வந்திருந்தது. பார்ப்பவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தெரியாது, ஆனால் இது நம் ஊர்ச் சுவர் இல்லை என்று கண் சொல்லிவிடும். நம் பழைய கல் தட்டையானது. கீழடியில் வெளிவந்த செங்கற்களைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தட்டையான பழக்கம் எவ்வளவு பழசு என்று தெரியும்.

நுரை அட்டைச் சுவரைத் தூக்கி வைத்தேன். ஆச்சியிடம் இன்னும் மூன்று மாதம் கேட்டேன்.

கல் அறுத்தது

கோடு கிழிப்பதில்லை, கட்டுவது என்றான பிறகு கல் வேண்டும். கடையில் கிடைக்கும் தானாகக் காயும் களிமண்ணில் ஐம்பது அறுத்துப் பார்த்தேன். காய்ந்ததும் வாழைப்பழத் தோல் மாதிரி நெளிந்தது, நிறமும் சாக்பீஸ் நிறம். சரி, ஊர் மண்ணையே எடுப்போம் என்று கண்மாய் வண்டல் கொண்டுவந்தேன். கரைத்து, வேட்டித் துணியில் வடித்து, தெளியவிட்டு, பாதி காய்ந்ததும் நான்கில் ஒரு பங்கு சலித்த மணல் சேர்த்துப் பிசைந்தேன்.

மண் சுருங்கும், எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஒரு பட்டையில் 100 மில்லிமீட்டருக்குக் கோடு போட்டு, காயவைத்துச் சுட்டு அளந்தேன்: 91. ஆகவே 18 வேண்டுமென்றால் 19.8 அறுக்கவேண்டும். 8.5க்கு 9.3, 3.7க்குச் சுமார் 4.1. இந்தச் சோதனையைத் தவிர்த்தால் ஆயிரம் கல் அறுத்த பிறகு அழவேண்டி வரும். ஒவ்வொரு மண்ணும் ஒவ்வொரு அளவு சுருங்கும், என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சாம்பல் தூவிய துணிமேல் மண்ணை வைத்து, இரண்டு பக்கமும் 4 மில்லிமீட்டர் மரச்சட்டம் கொடுத்து, சப்பாத்திக் கட்டையால் தேய்த்தேன். பிளேடால் கோடு போட்டேன், ஆனால் உடனே பிரிக்கவில்லை. செய்தித்தாளுக்கு நடுவே வைத்து மேலே பலகை ஏற்றி, நிழலில் மூன்று நாள். முழுதாகக் காயாமல், ஆனால் வளையாமல் நிற்கும் தோல் பதம் வந்த பிறகு சாக்லேட் உடைப்பதுபோல உடைத்தால் ஓரம் இயல்பாக வரும். பிளேடு ஓரம் அவ்வளவு கூர்மை, செங்கல்லுக்கு அது பொருந்தாது.

சுடுவதற்குப் பக்கத்து ஊர் வேளார் ஒருவரிடம் போனேன். ஐயனார் கோயிலுக்குப் புரவி செய்பவர். அவர் சூளையில் ஒரு மூலையில் என் கற்களை ஒரு சட்டியில் போட்டு மூடி வைத்தார். எடுத்தபோது அத்தனையும் கறுப்பு! "மூடியாச்சுல்ல, காத்து போகல" என்றார் சாதாரணமாக. மண்ணில் உள்ள இரும்பு காற்றோடு சேர்ந்தால் சிவக்கும், காற்று இல்லாமல் புகையில் வெந்தால் கறுக்கும். அகழாய்வுகளில் கறுப்பு சிவப்புப் பானை கிடைக்கும் நாட்டில் இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

அடுத்த முறை சட்டியில் ஓட்டை போட்டு, மூடியைச் சாய்த்து வைத்தோம். இப்போது வந்த நிறங்களை எந்தத் தூரிகையாலும் கொண்டுவர முடியாது. ஓட்டைக்குப் பக்கத்தில் இருந்தவை நல்ல சிவப்பு, நடுவில் ஆரஞ்சு, அடியில் ஊதாவும் கரியும் கலந்தது. சில கற்களில் ஒரு முனை சிவந்து மறுமுனை கறுத்திருந்தது. ஆச்சி வீட்டுச் சுவரிலும் அப்படித்தான் இருக்கிறது. காளவாசலில் நெருப்புக்குப் பக்கத்தில் இருந்த கல்லும் தள்ளி இருந்த கல்லும் ஒரே சுவரில் வந்து சேர்கின்றன. அதனால் இந்தச் சுவரில் செங்கல்லுக்கு நான் ஒரு சொட்டு வண்ணமும் அடிக்கவில்லை.

1,400 கல் சுட்டேன். ஒரு டப்பாவில் மணலும் சிறு கூழாங்கல்லும் போட்டு, நூறு நூறாக உள்ளே விட்டு ஐந்து நிமிடம் குலுக்கினேன். முனை மழுங்கிப் பழைய கல் ஆகிவிட்டது. உடைந்ததை எறியவில்லை. நிஜக் கொத்தனாருக்கு வேண்டிய அரைக்கல், கால்கல் எனக்கும் வேண்டியிருந்தது.

கட்டியது

நிஜச் சுவர் ஒன்றரைக்கல் சுவர், 13 அங்குலம். மாதிரியில் அது 27.5 மில்லிமீட்டர். உள்ளே முழுக்கக் கல் அடுக்கத் தேவையில்லை. 18 மில்லிமீட்டர் பிளைவுட்டை நடுவில் நிறுத்தி, இரண்டு முகத்திலும் நாலரை மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கல் வில்லைகளை ஒட்டினேன். அதனால் கற்களில் பெரும்பகுதியைத் தோல் பதத்திலேயே வில்லையாக நறுக்கியிருந்தேன். மூலையிலும் கதவு ஓரத்திலும் மட்டும் பிளைவுட்டை உள்ளே வெட்டிக்கொண்டு முழுக் கல்லே வைத்தேன். அங்கேதான் கல்லின் இரண்டு முகம் தெரியும், ஏமாற்ற முடியாது. பிளைவுட்டுக்கு முதலில் இரண்டு கை வார்னிஷ் அடிக்கவேண்டும். இல்லாவிட்டால் காரையின் ஈரத்தில் ஊதிவிடும்.

காரை நிஜமான காரைதான். நீற்றிய சுண்ணாம்பு, செங்கல் பொடி, மணல், ஒட்டுவதற்குக் கொஞ்சம் ஃபெவிகால். ஆனால் மணல் மணலாக இருந்தால் இந்த அளவில் அது கூழாங்கல். நாட்டு மருந்துக்காரர்கள் வஸ்திரகாயம் என்பார்களே, அதுபோல மெல்லிய துணியில் சலித்த பொடியை மட்டும் எடுத்தேன். வெறும் சுண்ணாம்பின் வெள்ளை கண்ணை உறுத்தும். செங்கல் பொடி கலந்தால்தான் அந்த மங்கிய இளஞ்சிவப்புச் சாம்பல் நிறம் வரும். சுண்ணாம்பு கையைத் தின்னும், கண்ணில் பட்டால் ஆபத்து. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் கலந்தேன்.

முதல் இரண்டு வரி வைத்து மறுநாள் தொட்டால் காரை மாவாக உதிர்ந்தது. கொத்தனாரிடம் ஓடினேன். "கல்லை நனைச்சியா?" என்று ஒரே கேள்வி. நனைக்கவில்லை. காய்ந்த கல் காரையின் தண்ணீரைக் குடித்துவிடுகிறது. கட்டுமான இடத்தில் சித்தாள் செங்கல்மேல் தண்ணீர் ஊற்றுவதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவன் நான். 18 மில்லிமீட்டர் கல்லுக்கும் அதே தாகம் என்று தோன்றவில்லை. அதன்பிறகு தினமும் காலையில் கற்களை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டுத்தான் உட்காருவேன்.

வரிமட்டத்துக்கு ஒரு குச்சியில் 4.76 மில்லிமீட்டருக்கு ஒரு கோடாக 48 கோடு போட்டு இரண்டு ஓரத்திலும் நிறுத்தினேன். நடுவில் தையல் நூல். ஈய உருண்டை ஒன்றை நூலில் கட்டித் தூக்குக்குண்டு. நூல் பிடித்தும் வரிகள் மயிரிழை ஏறி இறங்கின, கற்களே ஒரே தடிமன் இல்லையே. அதைத் திருத்தவில்லை. ஒரு நாளைக்கு ஆறு வரி, அதற்கு மேல் ஏற்றினால் கீழே இருப்பது பிதுங்கும். சாளரத்து வில் வளைவுக்குக் கல்லை ஆப்பாக வெட்டவில்லை. நிஜச் சுவரில் கல் நேராகத்தான் இருக்கிறது, காரைதான் மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் ஆப்பு வேலை செய்கிறது. ஏழு கல், ஆறு மூட்டு, ஒரு முழு நாள் போனது.

பூச்சுக்கு அடியில் மறைந்துபோகும் இடத்தில் கல் வைக்கவில்லை, ஓரத்தைத் தாண்டி மூன்று விரற்கடை மட்டும் உள்ளே ஓட்டினேன். அப்படியும் 940க்குக் கொஞ்சம் மேலே ஆயிற்று.

வயது ஏற்றியது

பூச்சு இரண்டு கை: முதலில் செங்கல் பொடி கலந்த பழுப்பு, மேலே மெல்லிய வெள்ளை. உதிர்ந்த விளிம்பை உளியால் செதுக்கிச் செய்யப் பார்த்தேன், செதுக்கியது என்று தெரிந்தது. ஆகவே முழுக்கப் பூசிவிட்டு, காய்ந்ததும் கருவேல முள்ளால் நெம்பி உடைத்தேன். உடைத்தால்தான் உடைந்த விளிம்பு வரும். வெள்ளைக்கும் பழுப்புக்கும் நடுவே அந்த மெல்லிய படிக்கட்டும் தானாக வந்தது.

நிஜச் சுவரில் ஓரிடம் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது. குழாய் வைத்த காலத்தில் யாரோ அதைச் சுற்றி மூட்டுகளில் சிமெண்ட் அடைத்திருக்கிறார்கள். சுண்ணாம்புக் காரை ஈரத்தை விட்டுவிடும், அரிப்பையும் தன்மேல் வாங்கிக்கொள்ளும். சிமெண்ட் விடாது. ஈரமும் உப்பும் கல் வழியாகவே வெளியேறி, கல் பொடிப்பொடியாக உதிர்ந்து உள்ளே போய்விட்டது. சிமெண்ட் மட்டும் தேன்கூட்டுச் சட்டம் போல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. செட்டிநாட்டில் இப்படிப் பல சுவர்கள் நல்லெண்ணத்தாலேயே கெட்டுக்கொண்டிருக்கின்றன, பார்க்கப் பார்க்க மனசு ஆறவில்லை. மாதிரியில் அந்த இடத்தில் மட்டும் சாம்பல்நிறச் சிமெண்ட் மூட்டு வைத்து, கல்லைத் தையல் ஊசியால் சுரண்டிப் பின்னுக்குத் தள்ளினேன். ஆச்சி கேட்ட சுவர் அது, அழகான இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

கிணற்றுத் தண்ணீர் தெறிக்கும் கீழ்வரிகளுக்குக் கரும்பச்சை, சாளரத்துக்கு மேலே சிம்னி விளக்குக் கரி. இவ்வளவுதான் தூரிகை வேலை. இரண்டு வாரம் கழித்து அடிவரிகளில் தானாகவே வெள்ளையாக உப்புப் பூத்தது. கண்மாய் மண்ணில் இருந்த உப்பு. திடுக்கிட்டுத் துடைக்கப் போனேன், பிறகு நிஜச் சுவரின் படத்தைப் பார்த்தேன். அதே உயரத்தில் அதே பூப்பு. பாதியைத் துடைத்து, பாதியை விட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. கதவு நிலைக்கு மேலே மயிரிழை விரிசல் ஒன்று விழுந்தது. அங்கே பிளைவுட் இரண்டு துண்டாக இணைகிறது, ஒரே பலகையில் அறுத்திருக்க வேண்டும். நிஜச் சுவரில் அந்த இடத்தில் விரிசல் இல்லை. அடைத்துவிட்டேன், உற்றுப் பார்த்தால் தெரியும். மொத்தம் பதினொரு வாரம்.

கொத்தனாரை வீட்டுக்கு அழைத்துவந்தேன். இந்த முறையும் விரல் மூலைக்குத்தான் போனது. ஒவ்வொரு குறுக்கு வரியிலும் அந்தத் துண்டுக்கல்லைத் தொட்டுத் தொட்டுக் கீழே வரை வந்தார். "இது நிக்கும்" என்றார்.

ஆச்சியிடம் கொண்டுபோய் வைத்தபோது வீட்டில் ஓடு இறக்க ஆரம்பித்திருந்தார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். கல்லைப் பற்றியோ வரியைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. மாடக்குழிக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

"இங்க கரி இருக்கும் தம்பி. எங்க ஆத்தா தினமும் வெளக்கு வைக்கும்."

நான் அளவெடுக்கும்போது மாடக்குழிக்கு வெள்ளையடித்திருந்தது, அதைச் சொன்னேன். "அது அப்புறம் அடிச்சது" என்றார். பையில் தூரிகையும் கரியும் இருந்தன. அங்கேயே தரையில் உட்கார்ந்து மாடக்குழியின் மேல்விளிம்பில் கரியை ஏற்ற ஆரம்பித்தேன். ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னுங் கொஞ்சம் மேல. இடது பக்கமா இழுங்க, அடுப்படிக் கதவுலேர்ந்து காத்து வரும்ல. ஆங், போதும்."